விசைக்கு எட்டாத விரல்

என் கை சின்னது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தால் 16 சென்டிமீட்டர். கையுறை வாங்கப் போனால் சிறுவர்களுக்கான அடுக்கில்தான் தேடுவேன். துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேரும்வரை இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. சேர்ந்த பிறகு ஒன்றரை ஆண்டு அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. குறி தப்பினால் கை சின்னது, கை வலித்தால் கை சின்னது, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுக்க முடியாவிட்டாலும் கை சின்னது. எல்லாவற்றுக்கும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்றரை ஆண்டில் இரண்டு செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும்) பிஸ்டல்களோடு மல்லுக்கட்டினேன். இரண்டுமே தவறான தேர்வு. ஆனால் இரண்டும் வெவ்வேறு விதத்தில் தவறானவை. எங்கே பிசகினேன் என்பது புரிய வெகு நாளானது. அது புரிந்த பிறகு மூன்றாவது துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு நாளே போதுமாக இருந்தது. சின்னக் கையோடு இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஒன்றரை ஆண்டையும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் துப்பாக்கி வாங்கப் போனபோது கடையில் இருந்தவர், கூட வந்த நண்பர், பயிற்சிக்கு வரும் மற்றவர்கள் என எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சட்டைப்பையில் அடங்குகிற ஒரு 9 மி.மீ. பிஸ்டலை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடக்கமாக உட்கார்ந்தது. பொம்மைபோல எடையே இல்லை. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், முதல் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) முடிவதற்குள் கட்டைவிரல் அடிப்பாகம் சிவந்துவிட்டது. 50 தோட்டா சுட்ட பிறகு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கும்போது விரல்கள் நடுங்கின. காரணம் எளிது. தோட்டா அதேதான், அதில் உள்ள வெடிமருந்தும் அதேதான், துப்பாக்கி மட்டும் லேசு. லேசான துப்பாக்கி அதே உதையை வாங்கிக்கொண்டு அதிக வேகத்தில் பின்னால் வரும். அரை கிலோ எடையுள்ள பாக்கெட் பிஸ்டலையும், 1.1 கிலோ எடையுள்ள முழு இரும்பு 1911 ராணுவ பிஸ்டலையும் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு பிடியும் குட்டை. என் சின்னக் கைக்கே சுண்டுவிரல் காற்றில் தொங்கியது. மூன்று விரல் தாங்க வேண்டிய உதையை இரண்டு விரல் தாங்கியது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலிக்குப் பயந்து வரும் பழக்கம்தான் கெடுதல். விசையை அழுத்தப் போகிற நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும், மணிக்கட்டு கீழே சரியும், தோட்டா குறிக்குக் கீழே போகும். ஃபிளிஞ்ச் என்று ரேஞ்சில் எல்லோரும் சொல்வது இதைத்தான். நான் அதை என் திறமைக்குறைவு என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தேன். பயிற்சி செய்யச் செய்ய அந்தப் பயம்தான் பழகியது. பிறகு அதை விட்டொழிக்க, உதை மிகக் குறைந்த .22 பிஸ்டலில் மூன்று மாதம் சுட வேண்டியிருந்தது.

பாக்கெட் பிஸ்டலை வெறுத்துப்போய், அடுத்து நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். முழு அளவு, இரட்டை அடுக்கு (தோட்டா இரண்டு வரிசையாக நிற்கும்) மேகசின், தடித்த பிடி. உதை பாதியாகக் குறைந்தது. ஆனால் தோட்டாக்கள் எல்லாம் குறிக்கு இடப்பக்கமாகப் போய் விழுந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கொத்தாக, எப்போதும் அதே இடத்தில். குறிபார்க்கும் சைட்டைத் திருத்தினேன். நிற்கும் விதத்தை மாற்றினேன். என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

அந்த நாட்களில்தான் ரேஞ்சுக்குப் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். பின்னால் நின்று நான் பத்துத் தோட்டா சுடுவதைப் பார்த்தார். பிறகு, "துப்பாக்கியைக் கீழே வைங்கம்மா, கையைக் காட்டுங்க" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியில், நுனிக்கும் முதல் கணுவுக்கும் நடுவே, ஒரு நீலப் புள்ளி வைத்தார்.

அப்புறம் மேகசினைக் கழற்றினார். ஸ்லைடைப் பின்னால் பூட்டினார். சேம்பரை, அதாவது சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் அறையை, கண்ணால் பார்த்ததோடு நிற்காமல் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அதன் பிறகுதான் ஸ்லைடை முன்னே விட்டு, குழலைக் குறிப்பலகைப் பக்கம் திருப்பி, என் கையில் கொடுத்தார்.

"கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சவ்வு, பிடியோட உச்சியில அழுந்தி உட்காரணும். குழலும் உங்க முன்கையும் ஒரே கோட்டுல இருக்கணும். அது கலையாம விரலை விசை மேல வைங்க."

வைத்தேன். நீலப் புள்ளி விசையைத் தொடவே இல்லை. விரலின் நுனி ஓரம்தான், நகத்துக்குப் பக்கத்தில் உள்ள பகுதிதான், விசையின் விளிம்பை எட்டிப் பிடித்தது. விரல் முழுக்கத் துப்பாக்கியின் உடலோடு ஒட்டிக் கிடந்தது.

"இப்ப நீங்க எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றார். பிடித்தேன். அப்போதுதான் நான் என்ன செய்துவந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. விரல் எட்ட வேண்டும் என்பதற்காகக் கையையே பிடியைச் சுற்றிக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியிருந்தேன். பிடியின் முதுகு உள்ளங்கைச் சதையில் உட்காராமல் கட்டைவிரல் எலும்பு மூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு உதையும் அந்த மூட்டில்தான் இறங்கியது. குழல் ஒரு பக்கம் பார்த்தது, முன்கை இன்னொரு பக்கம். அப்படித் திருப்பியும் விரல் உடலோடு உரசிக்கொண்டேதான் இருந்தது. விசையைப் பின்னால் இழுக்கும்போது விரலின் உட்பக்கம் துப்பாக்கியையும் சேர்த்து இடப்பக்கம் தள்ளியது. வலக்கைக்காரர்களுக்குத் தோட்டா இடப்பக்கம் போவதற்கு இது ரொம்பச் சாதாரணமான காரணம். இடக்கைக்காரர்களுக்கு அப்படியே வலப்பக்கம் போகும்.

துப்பாக்கியின் மொத்த அளவோ, பிடியின் தடிமனோ முதலில் பார்க்க வேண்டியவை அல்ல. பிடியின் முதுகில் சவ்வு உட்காரும் இடத்திலிருந்து விசையின் முகம் வரை எவ்வளவு தூரம்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் இதை ட்ரிகர் ரீச் என்பார்கள். நான் விசைத் தூரம் என்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கையில் அதே சவ்விலிருந்து விரலின் சதைப்பகுதி வரை உள்ள நீளமும் அந்தத் தூரமும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. சரியாகப் பிடித்து விரலை விசைமேல் வைத்தால், விரலின் நடுப்பகுதிக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் இடையில் மெல்லிய ஒரு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். வெளிச்சம் தெரியாவிட்டால் அந்தத் துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரே துப்பாக்கியில்கூட இந்தத் தூரம் இரண்டு விதமாக இருக்கலாம். கடையில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பெரெட்டா 92 போன்ற டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல்களில் சுத்தி, அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் போன்ற பாகம், இறங்கிய நிலையில் விசை முன்னால் தள்ளி நிற்கும். முதல் தோட்டாவுக்கு விரல் வெகுதூரம் நீள வேண்டும், இழுப்பும் கனமாக இருக்கும். முதல் தோட்டா போனதும் ஸ்லைடு சுத்தியைப் பின்னால் ஏற்றிவிடும். விசையும் பின்னால் வந்துவிடும், அதன் பிறகு எல்லாம் சுகம். கடையில் சுத்தியை ஏற்றிவைத்துப் பார்த்துவிட்டு "அட, எட்டுதே" என்று வாங்கிவிட்டால் ரேஞ்சில் முதல் தோட்டா எப்போதும் தனியாக எங்கோ போய் விழும். ஆகவே சுத்தி இறங்கிய நிலையில் சோதியுங்கள். சுத்தியே இல்லாத ஸ்டிரைக்கர் வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் விசை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும்.

இந்தப் பிரச்சினை நம் காலத்தில் முளைத்தது அல்ல என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 பிஸ்டலை முதல் உலகப் போரில் பயன்படுத்திய பிறகு, 1920களில் அமெரிக்க ராணுவம் அதில் சில திருத்தங்கள் செய்து 1911ஏ1 என்று வெளியிட்டது. விசையின் நீளத்தைக் குறைத்தார்கள். விசைக்குப் பின்னால் விரல் நுழையும் இடத்தில் இருபுறமும் உடலை லேசாகச் செதுக்கிக் குழிவாக்கினார்கள். விரல் எட்டாத சிப்பாய்களுக்காகச் செய்த வேலை அது. துப்பாக்கி பிடித்துப் பழகிய ராணுவ வீரர்களுக்கே விரல் எட்டவில்லை என்றால், எனக்கு எட்டாததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இன்றும் 1911-க்குக் குட்டை விசை, ஒல்லியான பக்கத் தகடுகள் எல்லாம் தனியாகக் கிடைக்கின்றன. ஒற்றை அடுக்கு மேகசின் என்பதால் பிடியும் ஒல்லி. கனமான துப்பாக்கி சின்னக் கைக்கு ஆகாது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். ஒன்றே ஒன்று, அதன் பிடியின் முதுகில் கிரிப் சேஃப்டி என்ற பாதுகாப்பு நெம்பு உண்டு. கையைத் திருப்பிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அது முழுதாக அழுந்தாமல் விசை வேலை செய்யாது. பிடியைச் சரிசெய்துவிட்டால் அந்தத் தொல்லையும் போய்விடும்.

இரட்டை அடுக்கு என்றாலே தடிமன் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. பிரவுனிங் ஹை பவரைப் பிடித்த அன்று அது போனது. 1935-ல் வந்த துப்பாக்கி, மேகசினில் 13 தோட்டா, ஆனாலும் அதன் பிடி என் கையில் பாந்தமாக உட்கார்ந்தது. தோட்டா எண்ணிக்கையை வைத்துத் தடிமனைக் கணக்கிடக் கூடாது. கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இப்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அடுக்குகிற மேகசின்களும் வந்துவிட்டன. 2018-ல் வந்த சிக் சாவர் பி365 ஒல்லியான பிடிக்குள் 10 தோட்டாவை அடக்கியது அப்படித்தான்.

சின்னக் கைக்காரர்களுக்கு உண்மையான நல்ல காலம் என்றால், பிடியின் முதுகைக் கழற்றி மாற்றும் வசதி வந்ததுதான். 1990களில் வால்தர் பி99 இந்த வழியில் முன்னோடியாக வந்தது. பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நான்காம் தலைமுறை கிளாக்கில் எந்த முதுகுத் தகடும் போடாமல் விட்டால்தான் விசைத் தூரம் மிகக் குறைவு. நடுத்தரத் தகடு போட்டால் 2 மி.மீ. கூடும், பெரியது போட்டால் 4 மி.மீ. கூடும். இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். நீலப் புள்ளி விசைமேல் உட்காருவதற்கும் விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர்தான். ஹெக்லர் அண்ட் கோக் விபி9-ல் முதுகை மட்டுமல்ல, இரண்டு பக்கத் தகடுகளையும் தனித்தனியாக மாற்றலாம். மூன்று மூன்று அளவுகள், மொத்தம் 27 விதமாக அமைக்கலாம். சிக் சாவர் பி320-ல் பிடி முழுவதையுமே சிறியது, நடுத்தரம், பெரியது என்று மாற்றிக்கொள்ளலாம்.

முதுகுத் தகடு விஷயத்தில் நானே செய்த ஒரு தவறு உண்டு. கடையில் பெரிய தகட்டைப் போட்டுப் பிடித்தபோது கை நிறைந்த மாதிரி, வாகாக இருந்தது. சிறிய தகடு போட்டபோது ஏதோ ஒல்லியாக, வெறுமையாகத் தோன்றியது. எனவே பெரியதையே போட்டுக்கொண்டேன். கடையில் துப்பாக்கியைச் சும்மா பிடிக்கும்போது விரல் விசையில் இருக்காது, பக்கவாட்டில் நீட்டியிருக்கும். உள்ளங்கைக்கு எது சுகம் என்று மட்டும்தான் கை சொல்லும். விரல் எட்டுகிறதா என்று சொல்லாது. கடைக்காரரின் அனுமதியோடு, துப்பாக்கி காலி என்று இருவரும் உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, விரலை விசையில் வைத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது ஸ்லைடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் செய்த தவறு ஆபத்தானது.

அந்த முதல் பாக்கெட் பிஸ்டலின் ஸ்பிரிங் மிகவும் விறைப்பு. சின்னத் துப்பாக்கியில் ஸ்லைடு குட்டை, லேசு. அதன் வேகத்தைத் தடுக்க ஸ்பிரிங்கை விறைப்பாகத்தான் வைக்க வேண்டியிருக்கும். பிடித்து இழுக்க இடமும் குறைவு. ஒருநாள் வியர்த்த கையோடு இழுத்துப் பார்த்தேன், வழுக்கியது. இன்னும் பலம் கொடுக்க வேண்டும் என்று உடம்பைத் திருப்பாமல் துப்பாக்கியை மட்டும் குறுக்கே, வயிற்றுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு இழுத்தேன். குழல் இடப்பக்கம், அடுத்த தடத்தில் நின்றிருந்தவரின் இடுப்பைப் பார்த்தது. மேகசினில் தோட்டாக்கள் இருந்தன. "நிறுத்துங்க!" என்று ரேஞ்ச் அதிகாரி போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்று அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சின்னக் கை உள்ளவர்களிடமும், கையில் வலு குறைந்தவர்களிடமும் இந்தத் தவறு அடிக்கடி வரும். பலம் போதவில்லை என்றதும் துப்பாக்கி தானாகப் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

சரியான முறைக்கு நான் நினைத்த அளவு பலமே தேவைப்படவில்லை. திருப்ப வேண்டியது உடம்பை. வலக்கைக்காரர் என்றால் குறிப்பலகைக்குச் சற்றுப் பக்கவாட்டாக நின்றுகொண்டு, குழல் குறியையே பார்க்கும்படி துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவர வேண்டும். இடக்கையை ஸ்லைடின் பின்பகுதியில் மேலிருந்து கவிழ்த்து, நான்கு விரலும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிப்பகுதி மறுபக்கம் இருக்கும்படி இறுக்க வேண்டும். வலது ஆள்காட்டி விரல் விசைக்கூட்டுக்கு வெளியே, உடலோடு நீண்டிருக்க வேண்டும். இப்போது இடக்கையால் இழுப்பதைவிட, வலக்கையால் துப்பாக்கியை முன்னே குத்தித் தள்ளுங்கள். விரல் நுனிகளால் கிள்ளி இழுத்தபோது நகராத ஸ்லைடு, தோளும் முதுகும் சேர்ந்து தள்ளும்போது சட்டென்று வந்துவிடும். இழுத்த பிறகு மெதுவாகக் கூடவே கொண்டுபோய் விடாதீர்கள். சுளீரென்று விட்டுவிடுங்கள், ஸ்பிரிங் அதன் வேலையைச் செய்யட்டும். கூடவே போனால் தோட்டா சேம்பருக்குள் சரியாக ஏறாமல் சிக்கிக்கொள்ளும்.

வெளிச்சுத்தி உள்ள துப்பாக்கிகளில் ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. குழலைக் குறிப்பக்கம் வைத்து, விரலை விசைக்கு வெளியே வைத்து, சேம்பர் காலியாக இருக்கும்போது முதலில் கட்டைவிரலால் சுத்தியைப் பின்னால் ஏற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு ஸ்லைடை இழுத்தால் சுத்தி ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இருக்காது. ஸ்லைடு ஸ்பிரிங்கோடு மட்டும் மோதினால் போதும். வித்தியாசம் கையில் நன்றாகத் தெரியும். சி.இசட். 75-ன் பிடி சின்னக் கைக்கு அருமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதன் ஸ்லைடு உடலின் தடங்களுக்கு உள்ளே ஓடுகிறது. எனவே வெளியே பிடித்து இழுக்கத் தெரியும் பகுதி குறுகல். சுத்தியை ஏற்றிவிட்டு இழுத்தபோதுதான் அது எனக்கு வசப்பட்டது.

கை அளவும் கை வலுவும் ஒன்று அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூட்டுவலி உள்ள பெரிய கைக்காரர்கள் இருக்கிறார்கள். இரும்புப் பிடி உள்ள குள்ளக் கைக்காரர்களும் இருக்கிறார்கள். ஸ்லைடுதான் உங்கள் முக்கியப் பிரச்சினை என்றால் அதற்காகவே செய்யப்பட்டவை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி அந்த வகை. ஸ்லைடு எளிதாக வரும், மேகசினில் தோட்டாவை அழுத்தி ஏற்றவும் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

".380 எடுங்க, லேசா இருக்கும்" என்ற அறிவுரையையும் அப்படியே ஏற்காதீர்கள். .380 என்பது 9 மி.மீ.-ஐவிட வலு குறைந்த தோட்டா. வால்தர் பிபிகே மாதிரி பழைய வடிவ .380 துப்பாக்கிகள் பல புளோபேக் முறையில் இயங்குகின்றன. அவற்றில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் ஸ்லைடை இழுப்பதும் கடினம், உதையும் வெடுக்கென்று இருக்கும். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் நடுத்தர 9 மி.மீ. ஒன்று, அதைவிட மென்மையாகச் சுடுவதை நானே உணர்ந்திருக்கிறேன். தோட்டா எண்ணை மட்டும் பார்க்காமல் உள்ளே என்ன முறையில் இயங்குகிறது என்று கேளுங்கள்.

பொத்தான்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேகசினை விடுவிக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டாவிட்டால் துப்பாக்கியைக் கைக்குள் கொஞ்சம் திருப்பி அழுத்தலாம், எல்லோரும் செய்வதுதான். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், குழல் குறியை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான். பல புதிய மாடல்களில் அந்தப் பொத்தானைப் பக்கம் மாற்றிப் பொருத்தலாம். சிலர் வலக்கைக்காரராக இருந்தும் வலப்பக்கம் மாற்றி, ஆள்காட்டி விரலால் அழுத்துகிறார்கள். ஸ்லைடு லாக் (மேகசின் காலியானதும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்பு) எட்டவில்லை என்றால் மேலிருந்து பிடித்து இழுத்து விட்டால் போதும். இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பெரிய கைக்காரர்களின் கட்டைவிரல் தெரியாமல் அந்த லாக்கின் மேலே படிந்து, மேகசின் காலியானாலும் ஸ்லைடு பின்னால் நிற்காமல் போய்விடும். என் கட்டைவிரல் அந்தப் பக்கமே போவதில்லை.

மேகசினில் தோட்டா ஏற்றுவதற்கு லோடர் என்ற சின்னக் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். கடைசி மூன்று நான்கு தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, சுடத் தொடங்கும் முன்பே கை சோர்ந்துவிடும். அந்தச் சோர்வுக் கையோடுதான் அன்றைய பயிற்சி முழுவதும் நடக்கும்.

இன்று நான் வைத்திருப்பது கிளாக் 48. பிடி ஒல்லி, ஸ்லைடின் நீளம் கிட்டத்தட்ட நடுத்தர அளவு பிஸ்டலான கிளாக் 19 அளவு. ஆகவே பாக்கெட் பிஸ்டலின் குதியாட்டம் இல்லை, சுண்டுவிரலுக்கும் இடம் இருக்கிறது. ஸ்லைடைப் பிடிக்கவும் தாராளமாக இடம் உண்டு. அதை வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து இரண்டு நாளில் 150 தோட்டா சுட்டேன். முதல் ஐம்பதில் எந்தத் துப்பாக்கியும் நன்றாகத்தான் தோன்றும். கை சோர்ந்த பிறகு, கடைசி ஐம்பதில் கொத்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். கை சோர்ந்ததும் பிடி பழைய பழக்கத்துக்குத் திரும்பும். அப்போதும் தோட்டா நடுவில் விழுந்தால் துப்பாக்கி உங்களுக்குப் பொருந்துகிறது. எனக்குக் கடைசி மேகசினில் ஒன்று மட்டும் இடப்பக்கம் தப்பியது.

நான் வைத்திருப்பதையே நீங்களும் வாங்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. போன மாதம் ரேஞ்சில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கையை ஒட்டிவைத்துப் பார்த்தோம், இரண்டு கையும் ஒரே நீளம். என் துப்பாக்கிதான் அவளுக்கும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, பேனாவை எடுத்துப் புள்ளி வைத்துப் பார்த்தேன். அவளுக்கு உள்ளங்கை குட்டை, விரல் நீளம். என் துப்பாக்கியில் அவளுடைய விரல் விசையைத் தாண்டி முதல் கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது. அப்படி ஆழமாகப் போனால் இழுக்கும்போது குழல் எதிர்ப்பக்கம், அதாவது அவளுக்கு வலப்பக்கம், சாயும். ரேஞ்சில் இருந்த பி320-ஐ, சிறிய பிடி போட்டு, காலி என்று இருவரும் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். கையைச் சரியாக உட்காரவைத்து, விரலை விசையில் வைத்து, தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, வெளிச்சம் தெரியுது. ஆனா புள்ளி ஒரு நூல் அந்தப் பக்கம் இருக்கு."

நடுத்தரப் பிடியை மாட்டிப் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் இரண்டிலும் நூறு நூறு தோட்டா சுட்டுவிட்டு முடிவு செய்யப்போகிறாள்.